ஒட்டி வரும் ஆம்

பிணவறையிலிருந்து வந்த புகார் நாற்றத்தைப் பற்றியதல்ல, சத்தத்தைப் பற்றியது.

"மேடம், செத்தவங்க நெஞ்சுல பம்பு இன்னும் ஓடுது," என்றார் டாக்டர் அருள்நேசன். "புயல் அடிச்சு மூணாவது நாள். நான் கண்ணால பார்த்து எழுதி அனுப்புன உடம்புங்க. ஒண்ணைக்கூட கம்பெனி நிறுத்தலை. பெட்டியத் திறந்தா கிர்ர்ருனு கேக்குது. கூட்டிப் பெருக்க வர்ற அம்மா வாசப்படி தாண்டமாட்டேங்குது. ஓடுற பம்போட எரிச்சா வெடிக்கும். சொந்தக்காரங்க வெளிய நின்னு என் சட்டையப் பிடிக்கிறாங்க."

"லிஸ்ட் போயிருக்குமே டாக்டர்," என்றாள் கயற்கண்ணி.

"போயிருந்தா நின்னிருக்கணுமே? ரத்த உறவு யாராவது கம்பெனிக்குச் சொல்லிட்டா உடனே நிறுத்திடுவாங்க, நாலு மணி வரைக்கும்கூட பார்க்கமாட்டாங்க. ஆனா இங்க நிக்கிறவங்க போனையெல்லாம் கடல் கொண்டு போயிடுச்சு. உங்க பக்கம் என்னன்னு கொஞ்சம் பாருங்க."

கோடிவாய் மாவட்டத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பம்பாவது இருந்தது. வெயிலும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து மனிதர்களின் இதயத்தைத் தின்றுவிட்ட கரை அது. நாற்பதைத் தாண்டியவர்கள் நெஞ்சுக்குள் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு மோட்டார் வைத்துக்கொண்டு வலை இழுத்தார்கள், உப்பு வாரினார்கள், பேரன் பேத்தி எடுத்தார்கள். பம்புக்கு ரத்தம் தெரியும், ஆள் தெரியாது. உடம்பு செத்த பிறகும் அது பாட்டுக்கு ஓடும். வானத்துச் செயற்கைக்கோள் வழியாகக் கம்பெனி 'நில்' என்றால் நிற்கும். அதற்குக் காது மட்டும் உண்டு, வாய் கிடையாது. நின்றால் நின்றதுதான், மறுபடி ஓட வைக்க நெஞ்சைப் பிளக்க வேண்டும். அதனால் யார் செத்தார்கள் என்று அரசாங்கம் உறுதி சொன்ன பிறகே, தினமும் மாலை நான்கு மணிக்கு, கம்பெனி நிறுத்தும்.

யார் செத்தார்கள் என்று எண்ணிச் சொல்வதுதான் கயற்கண்ணியின் வேலை. புள்ளியியல் படித்தவள். போன் கோபுரங்கள் சாய்ந்து பாதைகள் முழுகிப்போன ஊரில் நேரில் போய் எண்ண முடியாது. மிஞ்சுவது முகாம்களில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களின் பேச்சுதான். அதைக் கேட்டுக் கணக்கெடுக்க அவள் ஒரு மென்பொருள் எழுதினாள். பெயர் செவி. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கயற்கண்ணி அதை மூடப் பார்க்கவில்லை, எண்ணப் பார்த்தாள்.

அவளுடைய பெருமையெல்லாம் ஒரு வால் துண்டில் இருந்தது. நம் ஆட்கள் எதை வேண்டுமானாலும் அளப்பார்கள். ஆனால் தான் பார்க்காததைச் சொல்லும்போது நாக்கு தானாக ஓர் 'ஆம்' ஒட்டிவிடும். 'செத்துட்டார்' என்றால் பார்த்திருக்கிறான். 'செத்துட்டாராம்' என்றால் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறான். செவி அந்த வாலைப் பிடித்துப் பிரித்தது. அறிக்கையில் சான்று வகை என்று ஒரு தலைப்பு. நேரில் கண்டதென்றால் அதன் கீழே 'பார்த்தது' என்று கறுப்பாக, நேராக வரும். கேள்விப்பட்டதென்றால் 'ஆம்' என்று வெளிறிய நிறத்தில், சாய்ந்து வரும். சந்தேகம் பார்வைக்கும் சந்தேகமாகவே இருக்கட்டும் என்பது அவள் எண்ணம்.

இன்னொன்றும் கற்றுக்கொடுத்திருந்தாள். பெற்றவளும் மகளும் உடன்பிறந்தவளும் 'செத்தார்' என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். 'அவர் இல்லை' என்பார்கள். ரத்த உறவின் வாயிலிருந்து வரும் அந்த 'இல்லை'க்கு மேலே ஒரு சான்று கிடையாது என்று செவிக்குச் சொல்லி வைத்திருந்தாள். பம்புக் கம்பெனிக்கு இது மிகவும் பிடித்துப்போய், பட்டியலில் சேராமல் தனித்தனியாக வரும் தகவல்களைப் படிப்பதற்கு அவர்களும் செவியை வாங்கிக்கொண்டார்கள். அன்றைக்கு அலுவலகத்தில் லட்டு கொடுத்தார்கள்.

டாக்டரின் அழைப்பை வைத்துவிட்டு அவள் பக்கத்து அறைக்குப் போனாள். செவியின் அறிக்கையை எக்ஸ்போர்ட் செய்து, ஷீட்டாக்கி, கூடுதல் ஆட்சியரின் கையெழுத்தோடு கம்பெனிக்கும் மேலிடத்துக்கும் அனுப்புவது இத்ரீசின் பொறுப்பு. மூன்று நாளாகத் தூங்காத கண்களோடு டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தான்.

"டாக்டர் பார்த்த ஆளுங்க ஷீட்ல எங்க இருக்காங்க?" என்றாள்.

"இதோ இருக்காங்களே. நிலுவை."

"பிணத்தைப் பார்த்து எழுதினது நிலுவையா? அப்ப யாருக்குடா டிக் போட்டிருக்கு?"

"ஆம்னு இருந்தவங்களுக்கு. இது தமிழ் ஷீட்டுக்கா. ஆம்னா டிக் போடும், இல்லைன்னா பெருக்கல் போடும். பார்த்ததுன்னா அதுக்கு ஒண்ணும் புரியாது, நிலுவைல தள்ளிடும்."

கயற்கண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இத்ரீசு, அது அந்த ஆம் இல்லடா."

"வேற எந்த ஆம்?"

"செத்துட்டாராம்ல வர்ற ஆம். ஒட்டிக்கிட்டு வர்ற ஆம். எவனோ சொன்னானாம், எவனும் பார்க்கலையாம்."

இத்ரீஸ் பிஸ்கட்டை மறந்துவிட்டான். அது உடைந்து டீக்குள் விழுந்தது.

"இது தனியா நிக்குதேக்கா."

"நான்தான் வெட்டித் தனியா நிறுத்துனேன். வெளிறின நிறத்துல, சாய்ச்சு நிறுத்தியிருந்தேனே. அந்தச் சாய்வு எங்க போச்சு?"

"எக்ஸ்போர்ட் பண்றப்ப 'வடிவம் காக்க'ன்னு ஒரு பெட்டி இருக்குல்ல? அதுல டிக்கை எடுத்துட்டேன். தயாபரன் சார்தான் எடுக்கச் சொன்னாரு. வெளிறின எழுத்து பிரிண்ட்ல தெரியலையாம். அமைச்சரால கண்ணாடி போட்டும் படிக்க முடியலையாம். எல்லாம் கறுப்பா, நேரா, லட்சணமா வரணும்னாரு. டிக்கை எடுத்தா நிறம் போச்சு, சாய்வு போச்சு, மேல கட்டங்களை இணைச்சு வச்சிருந்த தலைப்பும் போச்சு."

"இங்க தலைப்பு இருக்கே. இறப்பு உறுதின்னு."

"அது நான் கையால அடிச்சது." அவன் குரல் இறங்கியது. "கீழ எல்லாம் ஆம், ஆம்னு இருந்துச்சு. என்ன கேள்விக்கு ஆம்னு யோசிச்சேன். இதுதான் தோணுச்சு."

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நமக்கு ஒரு பழமொழி உண்டு. கோடிவாயில் கண்ணால் கண்டது நிலுவைக்குப் போயிற்று, காதால் கேட்டது மெய்யாகிவிட்டது. தீர விசாரிப்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை. பிணங்களின் நெஞ்சில் பம்பு ஓடிக்கொண்டிருந்தது. வதந்திகளின் நெஞ்சில் அது நிற்கப்போகிறது.

"நேத்து வரைக்கும் வானத்துத் தொடர்பு இல்ல," என்றான் இத்ரீஸ். "இன்னைக்கு நாலு மணிக்குத்தான் முதல் நிறுத்தம். நேரம் இருக்குக்கா. சார்கிட்டப் போங்க."

அவள் எழுந்தாள். எழும்போது திரையில் கண் பட்டது. உப்புத்திட்டு என்ற ஊருக்கு நேராக வரிசையாக டிக்குகள். அவற்றில் ஒன்று சந்தனராசு.

சந்தனராசு அவளுடைய அண்ணன். உப்பளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டார்களைப் பழுது பார்க்கிறவர். நெஞ்சைத் தட்டிக் காட்டி, "வெளிய ரிப்பேர் பண்ற மோட்டார் போதாதுன்னு உள்ளயும் ஒண்ணு வச்சுட்டானுவ" என்று சிரிப்பார். செவியைப் பற்றி அவள் விளக்கியபோது, "ஊர்ப் பேச்ச எண்ணுறதுக்கு ஒனக்குச் சம்பளமா கயலு? நம்ம தெருக் குழாயடியில சும்மாவே எண்ணிக் குடுப்பாங்களே" என்றவர். புயலுக்கு முந்தின நாளிலிருந்து அவரைப் பற்றித் தகவல் இல்லை. அண்ணி வள்ளிக்கொடியும் பிள்ளைகளும் மட்டும் முன்னதாகவே முகாமுக்கு வந்துவிட்டார்கள். அங்கே யாரோ, யாரிடமோ, 'சந்தனராசா? போயிட்டாராம்' என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் சான்று.

கூடுதல் ஆட்சியர் தயாபரன் கெட்டவர் அல்ல. அதுதான் சங்கடம். மூன்று நாளாக அதே சட்டை. மேசைமேல் பிரிக்காத சாப்பாட்டுப் பொட்டலம்.

"ஒரே வார்த்தைல சொல்லுங்க மேடம்."

"வதந்தியை உறுதின்னு அனுப்பிட்டோம் சார்."

அவர் முழுதும் கேட்டார். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த எண்ணிக்கைய அமைச்சர் டிவில சொல்லிட்டாரு. இப்ப நான் போய், சார் அவங்கல்லாம் செத்தாங்களாம், ஆனா செத்தாங்களான்னு தெரியாதாம்னு சொல்லவா?"

"கூரை மேலயும் மரத்து மேலயும் உயிரோட உக்காந்திருப்பாங்க சார். நாலு மணிக்கு நாமளே கொல்லப்போறோம்."

"கையெழுத்துப் போட்டுப் போன பட்டியல். மொத்தமா மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. தலைநகருக்கு எழுதுறேன். பதில் வர நாளைக்கு ஆகும்."

"நாளைக்கு வந்து என்ன சார் பிரயோஜனம்?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இதுல உங்க ஆளு யாரும் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து மேசையைத் தட்டியிருக்கலாம்.

"அண்ணன் சார்."

"பேரைச் சொல்லுங்க. ஒத்த வரித் திருத்தம்னா என் அளவுலயே முடியும். யார் தகவல்னு மட்டும் பக்கத்துல போடணும், அவ்வளவுதான்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரியே வரம் கொடுக்கிறார், ஒருவருக்கு மட்டும். கயற்கண்ணிக்குத் திட்டில் இருக்கும் மற்ற முகங்களும் நினைவுக்கு வந்தன. வந்தும் அண்ணன் பெயரைத்தான் சொன்னாள்.

தயாபரன் தன் கையாலேயே அடித்தார். சந்தனராசு, உப்புத்திட்டு. 'ஆம்' என்றிருந்ததை அழித்துவிட்டு 'இல்லை' என்று போட்டார். தகவல்: தங்கை. அனுப்பினார்.

"இனிமே உங்க அண்ணன் செத்தவரு இல்ல," என்றார். மூன்று நாளில் அவர் செய்த ஒரே நல்ல காரியம் என்ற திருப்தி முகத்தில் தெரிந்தது. "மத்தவங்களுக்கு இப்பவே எழுதுறேன்."

"ரொம்ப நன்றி சார்," என்றாள். உண்மையான நன்றிதான். வெட்கமும் இருந்தது, ஆனால் நிம்மதிக்கு முன்னால் அது மிகச் சிறியதாக இருந்தது.

இத்ரீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். "என்னாச்சுக்கா? நிறுத்துறாரா?"

"மேல எழுதுறாராம்."

"எழுதுறாராமா?" என்று அவன் அந்த வாலை அழுத்திச் சொன்னான். பிறகு, "உங்க அண்ணன் பேரும் உப்புத்திட்டு லிஸ்ட்ல இருந்துச்சே?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. கோபப்பட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தான். 'வடிவம் காக்க' என்ற பெட்டியில் மறுபடி டிக் போட்டான். அறிக்கையை மறுபடி எக்ஸ்போர்ட் செய்தான். வெளிறிய எழுத்துகள் வெளிறியபடியே சாய்ந்து வந்தன. மேலே சான்று வகை என்ற தலைப்பும் வந்தது.

"டேய், கையெழுத்து இல்லாம கம்பெனிக்கு அனுப்பினா வேலை போயிடும்."

"போகட்டும்க்கா. அந்தத் தலைப்பை என் விரலாலதான அடிச்சேன்?" தன் பெயரையே போட்டு, முந்தின பட்டியல் பிழை, இதை மட்டும் நம்பவும் என்று எழுதி அனுப்பினான். கம்பெனியிலிருந்து ஒரு பெண் அழைத்து இரண்டு கேள்வி கேட்டாள். 'பார்த்தது' என்றிருப்பவற்றை நிறுத்தச் சொன்னான், 'ஆம்' என்றிருப்பவற்றைத் தொடாதே என்றான். 'சரிங்க சார், மாத்திடுறோம்' என்று அவள் வைத்துவிட்டாள். இவ்வளவு லேசாக முடிகிற காரியத்துக்குத்தான் தலைநகரத்துக்கு எழுத இருந்தார்கள்.

உப்புத்திட்டின் மற்றவர்கள் எல்லோரும் பிழைத்தார்கள். குறைந்தபட்சம், கம்பெனியின் கையால் சாகவில்லை.

அப்போது கயற்கண்ணியின் போன் அடித்தது. முகாமிலிருந்து அண்ணி, யாருடைய போனிலிருந்தோ.

"கயலு! இருக்காராம்! ஒங்கண்ணன் இருக்காராம்! காலையில படகுக்காரங்க பாத்தாங்களாம். தண்ணித் தொட்டி மேல ஏறி உக்காந்துக்கிட்டு சட்டையக் கழட்டி ஆட்டுனாராம். படகுல எடம் இல்லையாம், பொம்பள புள்ளைவள ஏத்து, நான் அடுத்த நடையில வர்றேன்னாராம். பாரேன் அந்த மனுசன!"

கயற்கண்ணி சத்தமாக அழுதாள். வாழ்நாள் முழுக்க ஆம் போட்ட பேச்சை நம்பாதே என்று ஓர் இயந்திரத்துக்குப் பாடம் நடத்தியவள், அத்தனை 'ஆம்'களையும் ஒரே மூச்சில் நம்பினாள்.

"அண்ணி, இருங்க, வைக்காதீங்க." போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு இத்ரீசிடம் சைகை காட்டினாள். "கம்பெனிப் பக்கத்தைத் திற. அண்ணனோட வரியைப் பாரு. ஓடுதுன்னு என் கண்ணால பார்த்துடுறேன்."

இத்ரீஸ் திறந்தான். தேடினான். பிறகு திரையை அவள் பார்க்காதபடி திருப்பப் பார்த்தான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள்.

சந்தனராசு, உப்புத்திட்டு. பம்பு நிறுத்தப்பட்டது. தகவல் தந்தவர்: தங்கை. சொன்னது: இல்லை. நம்பகம்: முழுமை. நான்கு மணி வரை காத்திருக்கத் தேவையில்லை.

தயாபரன் அனுப்பிய அதே நிமிடத்தில் நிறுத்தியிருந்தார்கள்.

"ஒத்த வரியா அனுப்பினா தலைப்பு கூடவே போகாதுக்கா," என்றான் இத்ரீஸ், தரையைப் பார்த்து. "'இறப்பு உறுதி'ங்கிற தலைப்புக்குக் கீழதான் 'இல்லை'ன்னு அவரு போட்டாரு. அங்க போனது சந்தனராசு, இல்லை, தங்கை. இவ்வளவுதான். அதை உங்க செவி படிச்சிருக்கு."

அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த மூன்று வார்த்தையையும் செவி எப்படிப் படிக்கும் என்று உலகத்தில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். தங்கை சொல்கிறாள், அண்ணன் இல்லை என்று. அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? அவரை 'ஆம்' என்றே விட்டிருந்தால் இத்ரீசின் பட்டியலில் மற்றவர்களோடு அவரும் பிழைத்திருப்பார். அவள் காப்பாற்றப்போனது ஒரே ஒருவரை. போனதும் அந்த ஒருவர்தான்.

"கயலு? லயன்ல இருக்கியா? என்ன பேசமாட்டேங்குற?" அண்ணியின் குரல் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. "ஒங்க கம்ப்யூட்டர்ல போட்டிருப்பாங்கல்ல? இருக்காருதானே?"

ஆமாம் என்பதற்கும் வாய் வரவில்லை, இல்லை என்பதற்கும் வரவில்லை. அவளிடம் இருந்தது இந்த இரண்டு சொற்கள்தான்.

அடுத்த நாள் படகு இரண்டாவது நடை போய்த் திரும்பியது. உப்புத்திட்டிலிருந்து வந்தவர்கள் கரையில் இறங்கி, நெஞ்சுக்குள் பம்பு ஓட, கஞ்சி வாங்கிக் குடித்தார்கள். தங்கள் பெயருக்கு நேராக ஒரு டிக் விழுந்து எழுந்த கதை அவர்களுக்குத் தெரியாது. ஒருவரை மட்டும் தார்ப்பாயில் கொண்டுவந்தார்கள்.

பிணவறை வாசலில் டாக்டர் அருள்நேசன் அவளைப் பார்த்ததும் கை கூப்பினார். அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"நேத்து சாயங்காலமே எல்லாம் நின்னுடுச்சு மேடம். நீங்க புண்ணியம் கட்டிக்கிட்டீங்க. அந்தம்மாகூட உள்ள வந்து பெருக்கிட்டுப் போயிடுச்சு. இன்னைக்குத் திட்டுல இருந்து ஒருத்தர் வந்திருக்காரு. அவரு ஒருத்தர்தான் வர்றப்பவே சத்தமில்லாம வந்தாரு."

அவள் உள்ளே போனாள். தண்ணீரில் ஊறிய விரல்கள். நகக்கண்ணில் கிரீஸ் கறை இன்னும் போகவில்லை. சட்டை இல்லை. அதை ஆட்டிக்கொண்டே இருந்து எங்கோ காற்றில் விட்டிருக்க வேண்டும். குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தாள். கிர்ரென்ற சத்தத்தைக் கேட்க அந்த ஊரிலேயே முதல்முறையாக ஒருத்தி ஆசைப்பட்டாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியபோது இத்ரீசின் நாற்காலி காலியாக இருந்தது. பணியிடை நீக்க உத்தரவு காலையிலேயே வந்துவிட்டதாம். தயாபரன் நேற்றிலிருந்து அவள் கண்ணில் படவில்லை. அறிக்கையை முடித்து அனுப்ப அவளைத் தவிர யாரும் இல்லை. ஒரே ஒரு கட்டம் பாக்கி இருந்தது, சான்று வகை என்ற தலைப்புக்குக் கீழே, சந்தனராசுக்கு நேராக.

பார்த்தது, என்று அடித்தாள். எக்ஸ்போர்ட் செய்தாள்.

ஷீட்டில் அந்தச் சொல் கறுப்பாக, சாயாமல், நேராக வந்து நின்றது. வடிவம் அப்படியே காக்கப்பட்டிருந்தது.